காடியும் நான்கு திருடர்களும்

அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி என் மச்சான் வீடு. என் மனைவியின் மூத்த அண்ணன், என்னைவிட மூன்று வயது பெரியவர். புதுச்சேரியில் எழுத்தர் வேலை முடிந்து ஓய்வு பெற்றபின் நான் இந்த மலையடியில் வந்து தங்கியதற்கு மனைவி பாதிக் காரணம், அவர் பாதிக் காரணம். தினமும் காலை ஆறரை மணிக்கு இருவரும் நடக்கப் புறப்படுவோம். ஏற்காடு மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறித் திரும்பி, சாலையோர டீக்கடையில் உட்காருவோம். சர்க்கரை இல்லாமல் இரண்டு டீ. இருவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. அவருக்கு இருபது வருடம், எனக்குப் பன்னிரண்டு.

2024ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள் அவர் டீ வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"காலையிலேயே ஒரு டம்ளர் ஆயிடுச்சு மாப்ளே. வினிகர். பேரன் வாங்கிக் குடுத்தான். உடம்பும் இளைக்குமாம், சர்க்கரையும் எறங்குமாம்."

ஆப்பிள் சைடர் வினிகர். இரண்டு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்கிறாராம். புட்டியில் 'தாயுடன்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதாகவும், அது என்ன தாய் என்றும் கேட்டார். கேட்டது என்னை. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வினிகர் என்ற சொல்லே பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. 'வேன்' என்றால் திராட்சை மது, 'ஏக்ர்' என்றால் புளித்தது. இதைச் சொல்ல ஆரம்பித்தவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் சொன்ன நான்கு திருடர் கதையையும் சொன்னேன்.

பிரான்சில் ஒரு ஊரில் பிளேக் நோய் வந்து மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நான்கு திருடர்கள் மட்டும் செத்தவர் வீடுகளில் நுழைந்து கொள்ளையடித்தார்கள். அவர்களுக்கு நோய் வரவில்லை. பிடிபட்டதும், ரகசியத்தைச் சொன்னால் உயிர்ப் பிச்சை என்றார் நீதிபதி. அவர்கள் சொன்ன ரகசியம் வினிகர்.

மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். "திருட்டுப் பய பொழைச்சிருக்கான், நாம பொழைக்க மாட்டமா?" அன்றிலிருந்து அடிவாரத்தில் அந்தக் கதையைக் கேட்காதவர் இல்லை. "எங்க மாப்ள பிரெஞ்சு படிச்சவரு, அவரே சொல்றாரு" என்ற முன்னுரையோடு சொல்வார். எனக்கும் அதில் பெருமைதான்.

போன ஐப்பசியில் அவருடைய வலது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அன்று டீக்கடையில் அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மீதி வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வினிகருக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: காடி. நம் தலைமுறைக்குக் காடி என்றால் முதலில் நினைவுக்கு வருவது புளித்த கஞ்சித் தண்ணீர்தான். சோறு வடித்த கஞ்சியும் அரிசி கழுவிய நீரும் பானையில் கிடந்து புளிக்கும், மாட்டுக்கு வைப்பார்கள். 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்று பழமொழியும் உண்டு. பிற்காலத்தில் வினிகர் வந்தபோது அதற்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். இலங்கைத் தமிழர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கிய சொல்லை வினாகிரி என்று இன்றும் வைத்திருக்கிறார்கள். அங்கே தென்னங்கள்ளைப் புளிக்க வைத்து எடுக்கும் வினாகிரி சமையலில் சாதாரணம். கோவாவின் விண்டாலுவில் சேர்வதும் இப்படிக் கள்ளில் பிறந்த புளிப்புதான்.

பெயர் ஒன்றானாலும் பொருள் இரண்டு. பழைய சோற்று நீராகாரத்தின் புளிப்பு லாக்டிக் அமிலம். தயிரின் புளிப்பும் அதுதான். வினிகரின் புளிப்பு அசெட்டிக் அமிலம். 'நம்ம பாட்டன் நீராகாரம் குடிச்சார், நான் வினிகர் குடிக்கிறேன், ரெண்டும் ஒண்ணுதானே' என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒன்றல்ல. சித்த மருத்துவத்தில் காடிக்கு இடம் உண்டு. ஆனால் அங்கே அதன் முக்கிய வேலைகளில் ஒன்று, மருந்துச் சரக்குகளை ஊறவைத்துச் சுத்தி செய்வது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். வினிகரின் வரலாறு முழுக்க இந்தச் சுத்தம் செய்யும் வேலைதான் திரும்பத் திரும்ப வரும்.

வினிகர் உண்டாவதற்கு இரண்டு முறை புளிக்க வேண்டும். முதலில் பழச்சாற்றிலோ பதநீரிலோ உள்ள சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். பிறகு காற்றுப் படும்படி திறந்து வைத்தால் வேறொரு நுண்ணுயிர் அந்தச் சாராயத்தை அசெட்டிக் அமிலமாக்கும். இந்த இரண்டாவது வேலையைச் செய்வது ஓர் உயிர் என்று காட்டியவர் லூயி பாஸ்தர். வினிகருக்குப் பேர்போன ஓர்லேயான் நகரத்து உற்பத்தியாளர்களுக்கு 1867இல் அவர் விரிவுரை ஆற்றினார். அடுத்த ஆண்டு அது புத்தகமாக வந்தது. புளிக்கும் மதுவின் மேல் ஆடைபோலப் படரும் படலத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'மேர்', அதாவது தாய் என்பார்கள். மச்சானின் புட்டியில் இருந்த தாய் அவள்தான். நுண்ணுயிர்களும் அவை கட்டிய நாரும் சேர்ந்த மண்டி.

அசெட்டிக் அமிலத்தில் பெரும்பாலான அழுகல் கிருமிகள் பிழைக்க முடியாது. அதனால்தான் ஊறுகாய் கெடுவதில்லை, மீன் நாறுவதில்லை. மனிதன் இதை ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கண்ணால் பார்த்திருக்கிறான். பார்த்தவன் ஒரு கணக்குப் போட்டான்: ஜாடிக்குள் மாங்காயைக் கெடாமல் காப்பது, வயிற்றுக்குள் போனால் மனிதனையும் கெடாமல் காக்காதா? நான் படித்த அளவில், வினிகர் வைத்தியத்தின் கதை எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து கிளைத்தவைதான்.

நான்கு திருடர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் அதை 1630ஐ ஒட்டித் துலூஸ் நகரில் நடந்ததாகச் சொல்வார்கள், சிலர் 1720இல் மார்செய் துறைமுகத்தில் என்பார்கள். கதைக்கு ஊரே நிச்சயமில்லை. ஆனால் மார்செய் பிளேக் உண்மை. 1720 மே மாதம் கிராண்ட் சேன்ட் ஆந்துவான் என்ற கப்பல் கிழக்கிலிருந்து துணிமூட்டைகளோடு வந்தது. வரும் வழியிலேயே அதில் ஆட்கள் செத்திருந்தார்கள். ஆனாலும் சந்தை காத்திருக்கிறது என்று வணிகர்கள் அவசரப்பட்டார்கள், சரக்கு இறங்கியது. நகர மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மடிந்தார்கள்.

நோய்க்குக் காரணம் கெட்டுப்போன காற்று என்று அன்று நம்பினார்கள். கெட்டதைத் தடுப்பது வினிகர், ஆகவே வினிகர். நோயூரிலிருந்து வந்த கடிதங்களைக் கீறி வினிகரில் நனைத்துத்தான் கொடுத்தார்கள். நாணயத்தை வினிகர்க் கிண்ணத்தில் போட்டு வாங்கினார்கள். நாற்பது வருடம் தபால் பிரித்துக் கோப்பில் வைத்தவன் நான். அந்தக் காலத்து எழுத்தர் மேசையில் என்ன வாடை அடித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பூண்டு, கிராம்பு, கற்பூரம், கசப்பு மூலிகைகள் ஊறிய 'நான்கு திருடர் வினிகர்' பிரெஞ்சு மருந்து நூலிலேயே இடம்பிடித்தது. ஆனால் அதைக் கையிலும் முகத்திலும் தடவினார்கள், முகர்ந்தார்கள். தினமும் டம்ளரில் குடிப்பதற்கென்று அது ஏற்படவில்லை. மச்சானிடம் நான் விட்டுவிட்ட முதல் வரி இது.

பிளேக்கின் உண்மையான காரணத்தைக் கண்டதும் பாஸ்தரின் வழிவந்த இருவர்தான். அலெக்சாந்தர் யெர்சேன் 1894இல் ஹாங்காங்கில் கிருமியைக் கண்டார். போல் லூயி சிமோன் 1898இல் கராச்சியில், எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுகிறது என்று காட்டினார். காரமான வாடைக்குப் பயந்து தெள்ளுப்பூச்சி அந்தத் திருடர்களை அண்டாமல் இருந்திருக்கலாம் என்று சொல்வோர் உண்டு. திருடர்கள் என்று யாராவது இருந்திருந்தால்.

அடுத்தது கடல். பதினெட்டாம் நூற்றாண்டில் நீண்ட பயணம் போன கப்பல்களில் ஸ்கர்வி என்ற நோய் மாலுமிகளைத் தின்றது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், பழைய காயம் திறந்துகொள்ளும். பார்க்க உடம்பு அழுகுவதுபோலவே இருக்கும். அழுகலா? கூப்பிடு வினிகரை. கப்பல் தளத்தை வினிகர் விட்டுக் கழுவினார்கள், மாலுமிகளுக்கும் கொடுத்தார்கள்.

1747 மே 20ஆம் தேதி, சாலிஸ்பரி என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் ஒரு காரியம் செய்தார். ஒரே மாதிரி நோய் முற்றிய பன்னிரண்டு மாலுமிகளை ஒரே இடத்தில் படுக்க வைத்து, ஒரே சாப்பாடு கொடுத்து, இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் சாராயமான சைடர், தினம் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஒரு ஜோடிக்குக் கந்தக அமிலம் கலந்த மருந்துச் சொட்டு. ஒரு ஜோடிக்கு வினிகர், இரண்டு ஸ்பூன் வீதம் தினம் மூன்று வேளை. ஒரு ஜோடிக்குக் கடல்நீர். ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்ந்த லேகியம். ஒரு ஜோடிக்குத் தினம் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை.

ஆறு நாளில் பழம் தீர்ந்துபோயிற்று. அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறினார். மற்றவர் மீதிப் பேரைக் கவனிக்கும் அளவுக்கு எழுந்தார். சைடர் குடித்தவர்களுக்குக் கொஞ்சம் குணம் தெரிந்தது. வினிகர் குடித்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. மருத்துவ வரலாற்றில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் செய்த முதல் சோதனைகளில் ஒன்று இது. அதிலேயே வினிகர் தேர்வு எழுதித் தோற்றிருக்கிறது. காரணம் நமக்கு இன்று தெரியும்: ஸ்கர்வி அழுகல் அல்ல, வைட்டமின் சி குறைவு. வினிகரில் அது இல்லை, ஆரஞ்சில் உண்டு.

லிண்ட் 1753இல் புத்தகம் எழுதியும், ஆங்கிலேயக் கடற்படை மாலுமிகளுக்கெல்லாம் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது 1795இல்தான். கோப்பு மெதுவாக நகர்வது நம் ஊரில் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் தலைக்கு மேலே மலையில் ஆரஞ்சு விளைகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியும் பேரியும் ஆப்பிளும் வைத்துப் பழக்கிய மலை அது. பருவத்தில் பழக்கூடைகள் இந்தச் சாலையில்தான் இறங்குகின்றன. நாங்கள் அதைத் தாண்டி நடந்து வந்து, எங்கிருந்தோ வந்த புட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

உடம்பு இளைக்க வினிகர் குடிப்பதும் புதிதல்ல. சாப்பாட்டைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரர் பிரியா சவரேன், 1825 கடைசியில் வெளிவந்த 'சுவையின் உடலியல்' என்ற நூலில் தன் இளமைக்கால நினைவு ஒன்றைச் சொல்கிறார். தீழோன் நகரில் அவர் படித்தபோது லூயீஸ் என்று ஒரு தோழி. நல்ல ஆரோக்கியமான பெண். குண்டு என்று யாரோ கேலி செய்ய, தினமும் காலையில் ஒரு கிளாஸ் வினிகர் குடித்தாள். மெலிந்தாள். விஷயம் தெரிந்து வைத்தியர்கள் வந்தபோது காலம் கடந்திருந்தது. பதினெட்டு வயதிலேயே இறந்துபோனாள். அவளைக் கொன்றது வினிகரா, உள்ளே இருந்த வேறு நோயா என்று இன்று யாரும் அறுதியிட முடியாது. ஆனால் பிரியா சவரேன் அதை எழுதியது மற்ற பெண்களை எச்சரிப்பதற்காக. நான்கு திருடர் கதையை வாத்தியார் சொன்னார். லூயீஸ் கதையை யாரும் சொல்லவில்லை. பிழைத்தவன் கதைதான் ஊர் சுற்றும் போலிருக்கிறது.

தேனும் வினிகரும் கலந்து கொடுப்பது கிரேக்கர் காலத்து வழக்கம். அதுவே பாரசீகம் வழியாக யுனானிக்கு வந்து சிக்கஞ்சபீன் ஆயிற்று. 1958இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து டாக்டர் ஜார்விஸ், ஆப்பிள் சைடர் வினிகரும் தேனும் பல நோய்க்கும் நல்லது என்று எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. இன்று புட்டிகளின் மேல் காணும் புகழ்ச்சிக்கு அவர்தான் பெரிய பாட்டனார்.

வினிகரில் ஒன்றுமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2004இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த ஆய்வில், மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டோடு வினிகர் எடுத்தவர்களுக்கு உடனே ஏறும் சர்க்கரை சற்று மட்டுப்பட்டது. ஆய்வில் இருந்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. சாப்பாடு இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குவது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சர்க்கரை நோய் முற்றிச் சிலருக்கு இரைப்பை ஏற்கெனவே மந்தமாகிவிட்டிருக்கும்; அவர்களுக்கு இந்தத் தாமதமே தொல்லை. அளவு மீறினால் வேறு ஆபத்து. ஆஸ்திரியாவில் ஆறு வருடம் தினமும் கால் லிட்டர் வினிகர் குடித்த 28 வயதுப் பெண்ணுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து எலும்பும் பலம் இழந்திருந்ததை 1998இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

மச்சானின் பேரன் வினிகர் வாங்கியதற்குக் காரணம் 2024இல் வந்த ஒரு செய்தி. லெபனானில் பருமனான இளைஞர்கள் 120 பேருக்குப் பன்னிரண்டு வாரம் வினிகர் கொடுத்ததில் நன்றாக எடை குறைந்தது என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வந்த கட்டுரை. உலகம் முழுக்கப் பரவிற்று. பிறகு நிபுணர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது விடை வரவில்லை, தரவும் ஒழுங்காக இல்லை. 2025 செப்டம்பரில் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

அரசாணை ஒன்று ரத்தானால், முதல் ஆணை போன எல்லா அலுவலகங்களுக்கும் ரத்து ஆணையும் போக வேண்டும். இது எங்கள் பிரிவில் பால பாடம். இந்த விஷயத்தில் முதல் செய்தி அடிவாரம் டீக்கடை வரை வந்தது. ரத்து வரவில்லை.

ரத்து ஆன அடுத்த மாதம்தான் மச்சானின் விரல் போயிற்று. செருப்புக் கடித்த சின்னப் புண். உணர்ச்சி குறைந்த கால், வலி தெரியவில்லை. புண் கறுத்தபிறகுதான் மருமகள் பார்த்தாள். சேலத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 10.4 என்று வந்தது. டாக்டர் மாத்திரை பற்றிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வினிகர் ஆரம்பித்து நாலு மாதத்திலேயே மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார். பிறகு ராத்திரி மாத்திரையை அடியோடு விட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. காடிக் கஞ்சியை மூடிக் குடிக்கலாம். மருந்தை விட்டதை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம்.

விரலை எடுத்தது வினிகர் அல்ல, விட்டுப்போன மாத்திரை. ஆனால் மாத்திரையை விடும் தைரியத்தை அவருக்குக் கொடுத்ததில் புட்டிக்குப் பாதிப் பங்கு, என் கதைக்கும் ஒரு பங்கு. மனைவி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவமனை வராந்தாவில், "எங்கண்ணன் உங்க பேச்சை வேதவாக்கா எடுத்துக்குவாரு, தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

நண்பர்களே, வினிகர் நல்ல பொருள். ஊறுகாயில் போடுங்கள், வெங்காயத்தில் ஊற்றுங்கள். புட்டியில் 'சிந்தெடிக்' என்று இருந்தால் அது பழத்தில் புளித்ததல்ல, அசெட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது, பார்த்து வாங்குங்கள். குடித்தே தீர வேண்டும் என்றால் நீர்க்காமல் குடிக்காதீர்கள், பல்லின் மேல்பூச்சு அரிக்கும். எதைக் குடித்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

தை மாதம் முதல் நாங்கள் மறுபடி நடக்கிறோம். மலைப்பாதை இல்லை, வீட்டிலிருந்து டீக்கடை வரை மட்டும். முதல் நாள் அவர் டீ வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் பழையபடி ஆரம்பித்தார்: "நாலு திருடனுங்க இருந்தானுங்க..." என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"மீதியை நான் சொல்றேன் மச்சான்" என்றேன். கப்பலையும் பன்னிரண்டு மாலுமிகளையும் சொன்னேன். லூயீஸையும் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று. கடைசிவரை கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாப்ளே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.